மூன்றில் ஒரு பங்கு



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முப்பத்து மூன்று வருஷம் பூகோளம் நடத்தியவள் நான், வரைபடம் இல்லாமல் எனக்குப் பேச வராது. அதனால் முதலில் வரைபடம்.

மெக்சிகோவின் கிழக்குப் பக்கம் வடக்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தீபகற்பம் இருக்கிறது. பெயர் யுகடான். அதன் வட பாகத்தில் நல்ல மழை பெய்கிறது, காடும் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் தேடினால் ஆறு என்று சொல்ல ஒரு நீலக்கோடு கிடைக்காது. பெய்கிற மழையெல்லாம் எங்கே போகிறது?

அரியலூர்ப் பக்கம் படித்தவர்களுக்கு விடை சுலபம். அங்கே தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல். கல்லங்குறிச்சிச் சுரங்கத்திலிருந்து சிப்பி பதிந்த கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருவீர்களே, நினைவிருக்கிறதா? "டீச்சர், இங்க கடலா இருந்துச்சு?" என்று கேட்பீர்கள். யுகடானும் அப்படிக் கடலுக்கு அடியில் உருவான நிலம்தான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஆயிரக்கணக்கான வருஷத்தில் தரைக்கு அடியில் குகையாகிறது. ஆறுகள் அங்கே மண்ணுக்குக் கீழே ஓடுகின்றன. மேல்கூரை இடிந்து விழுந்த இடங்களில் கிணறு மாதிரித் தண்ணீர் தெரியும். அவற்றுக்கு 'செனோட்டே' என்று பெயர். மாயா மக்களின் சொல்லிலிருந்து வந்தது.

இன்னொரு விஷயம். சுமார் 20,000 வருஷங்களுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இந்தக் குகைகள் வறண்டு கிடந்தன. சொட்டுச் சொட்டாகக் கல்விழுதும் கல்முளையும் வளர்ந்தன. மனிதர்களும் மிருகங்களும் உள்ளே நடந்து போனார்கள். பிறகு பனி உருகிக் கடல் ஏறியது, குகைகளில் தண்ணீர் நிரம்பியது. அன்றைக்கு நடந்து போன பாதையில் இன்றைக்கு நீந்தித்தான் போக வேண்டும்.

அப்படி நீந்திப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குழுவாகப் போகிறார்கள். 2018 ஜனவரியில், ராபர்ட் ஷ்மிட்னர் என்பவர் தலைமையில் முக்குளித்த குழு ஒன்று, சாக் ஆக்டுன், டோஸ் ஓஹோஸ் என்ற இரண்டு பெரிய குகை அமைப்புகளும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தது. மொத்தம் 347 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற தூரத்தைவிட அதிகம், அத்தனையும் தண்ணீருக்குள், இருட்டில். அந்த இடத்தைத் தேடி ஷ்மிட்னர் பத்து வருஷத்துக்கு மேல் முக்குளித்திருக்கிறார்.

எழுபதைத் தாண்டிய கிழவிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

1989இல் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த மாணவர் ஒருவர் இப்போது ஹூஸ்டனில் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார், எழுதலாம் என்று அனுமதி மட்டும் கொடுத்தார். போன ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. "டீச்சர், பொண்ணு மெக்சிகோவுல தண்ணிக்குள்ள குகைய அளக்கப் போறாளாம். மூணு வாரமாம். அவ அம்மா ரெண்டு நாளா சாப்பிடல. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. நீங்க சொன்னா கேப்பா. வேண்டாம்னு சொல்லுங்க டீச்சர்."

பெண்ணுக்கு 26 வயது. ஆறு வருஷமாக முக்குளிக்கிறாள். குகைக்கென்று தனிப் பயிற்சி எடுத்திருக்கிறாள். நான் அவளைக் குழந்தையாக ஒரு முறை பார்த்ததுதான். "பாட்டி" என்று கூப்பிடுவாள்.

கேட்டவுடன் வேண்டாம் என்று சொல்வது எளிது. விஷயம் தெரியாமல் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. "ஒரு வாரம் கொடு தம்பி, படிச்சுட்டுப் பேசறேன்" என்றேன். பேரன் ஐபேடை வாங்கி வைத்துக்கொண்டு படித்தேன். அந்த ஒரு வாரப் படிப்புதான் இந்தப் பதிவு.

அப்பாவின் பயம் நியாயமானது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொண்டேன். கடலில் முக்குளிப்பவருக்கு ஏதாவது ஆனால் மேலே வரலாம். குகையில் மேலே பாறை. வந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும், அது ஒரு கிலோமீட்டராக இருந்தாலும். தரையில் மாவு மாதிரி வண்டல் படிந்திருக்கும். காலைத் தப்பாக ஒரு உதை உதைத்தால் வண்டல் கிளம்பி, கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும். கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியாது. பல குகை வாசல்களில் எலும்புக்கூடு படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருக்கும். உயிரைக் கொடுக்கும் அளவுக்கு உள்ளே எதுவும் இல்லை, திரும்பிப் போ என்ற பொருளில் எழுதியிருப்பார்கள்.

2018 ஜூலையில் தாய்லாந்தில் 12 பையன்களையும் அவர்கள் பயிற்சியாளரையும் குகையிலிருந்து மீட்டது நினைவிருக்கும். நாமெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர்களை முதலில் கண்டுபிடித்த ஜான் வொலாந்தன், ரிக் ஸ்டான்டன் இருவரும் இந்தக் குகை முக்குளிப்பை வருஷக்கணக்கில் செய்து வந்தவர்கள்தான். அதே குகையில் காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது, கடற்படையில் இருந்த சமன் குனான் என்பவர் இறந்துபோனார். பழகியவருக்கும் ஆபத்துதான்.

அப்புறம் ஒரு பெயர் கண்ணில் பட்டது. ஷெக் எக்ஸ்லி. அமெரிக்காவில் ஃப்ளோரிடாக்காரர். அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார்! நம்ம ஆள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பகலில் கணக்கு, மற்ற நேரமெல்லாம் குகை. ஆயிரம் தடவைக்கு மேல் குகையில் முக்குளித்த முதல் ஆள் அவர்தான். அந்தக் காலத்தில் ஃப்ளோரிடாக் குகைகளில் நிறைய இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்லி ஒவ்வொரு சாவையும் எடுத்து, தப்பாகப் போன கணக்கைத் திருத்துகிற மாதிரி, எந்த வரியில் பிழை என்று பார்த்தார். 1979இல் அதைச் சின்னப் புத்தகமாக எழுதினார். திரும்பத் திரும்ப வந்த காரணங்கள் சிலதான். வெளியே திறந்த தண்ணீர் வரைக்கும் போகும் கயிறு இல்லை. காற்றைக் கணக்குப் பண்ணவில்லை. அளவுக்கு மீறிய ஆழம். இன்றைக்கு அதோடு முறையான பயிற்சியையும், ஆளுக்கு மூன்று விளக்கையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கயிறு என்றால் மெல்லிய வெள்ளை நைலான் கயிறு. குகைக்கு வெளியே, தலைக்கு மேல் வானம் தெரியும் இடத்தில் முதல் முடிச்சு. உள்ளே போகப் போகப் பாறையில் சுற்றிக்கொண்டே போவார்கள். அதில் அங்கங்கே பிளாஸ்டிக் அம்புக்குறி மாட்டியிருக்கும். அம்பு எப்போதும் வெளியேறும் வழியைத்தான் காட்டும். தண்ணீர் கலங்கிக் கண் தெரியாமல் போனாலும் விரலால் தடவி வழி கண்டுபிடிக்கலாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மோதிரம் மாதிரி கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நகர்ந்து வந்துவிடலாம். குகையை அளப்பதும் அதே கயிற்றால்தான். சம தூரத்தில் முடிச்சுப் போட்டிருப்பார்கள். முடிச்சை எண்ணித் தூரம், காம்பஸ் பார்த்துத் திசை, கையில் கட்டியிருக்கும் கருவியில் ஆழம் என்று மூன்றையும் தண்ணீருக்குள்ளேயே எழுதிக்கொள்வார்கள். வெளியே வந்து வரைபடம் போடுவார்கள். 347 கிலோமீட்டரும் இப்படி முடிச்சு முடிச்சாக அளந்ததுதான்.

அடுத்து காற்றுக் கணக்கு. இதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எல்லாரும் மனக்கணக்காகப் போடுங்கள்.

சிலிண்டரில் 210 அளவு காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போக மூன்றில் ஒரு பங்குதான் செலவழிக்கலாம், அதாவது 70. மீட்டர் 140ஐக் காட்டினால், எதிரே எவ்வளவு அழகான மண்டபம் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். வெளியே வர இன்னொரு 70 போதும். மிச்சம் 70 எதற்கு?

"பத்திரத்துக்கு" என்று நம் முதல் பெஞ்ச் சொல்லும். இன்னும் சரியாகச் சொல்ல வேண்டும். குகையின் கடைசியில் கூட வந்தவருடைய சிலிண்டர் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் உங்கள் ஒரே சிலிண்டரிலிருந்து சுவாசித்து வெளியே வர வேண்டும். உங்களுக்கு 70, அவருக்கு 70, மொத்தம் 140. கையில் இருப்பதும் அதே 140. அந்த மூன்றாவது பங்கு நம்முடைய மிச்சம் இல்லை. முதலிலிருந்தே கூட வருகிறவருடையது. அதிலிருந்து பத்து எடுத்து இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தாலும், அது அவருடைய மூச்சிலிருந்து எடுத்ததுதான்.

கணக்கு வாத்தியாரின் முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1994 ஏப்ரல் 6ஆம் தேதி, மெக்சிகோவின் சகட்டோன் என்ற நீர்க்குழியில், அதுவரை யாரும் போகாத ஆழத்துக்கு எக்ஸ்லி இறங்கினார். 45 வயது. அதே குழியில் வேறொரு கயிற்றில் இறங்கிய ஜிம் போடன் திரும்பி வந்தார். எக்ஸ்லி வரவில்லை. சில நாள் கழித்து அவருடைய கயிற்றை மேலே இழுத்தபோது உடலும் வந்தது. எத்தனையோ பேர் உயிரோடு வீடு திரும்ப விதி எழுதித் தந்தவர். அவர் எழுதிய விதிகளை இன்றைக்கும் உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இதையும் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அந்தப் பெண் வந்தாள். அப்பாவும் அம்மாவும் பின்னால் சோபாவில். புத்திமதியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள், முகத்திலேயே தெரிந்தது.

"பயப்படாதே கண்ணு, ஒரே ஒரு கேள்விதான்" என்றேன். "உங்க டீம்ல பாதியில திரும்பி வந்திருக்கீங்களா?"

சிரித்துவிட்டாள். "நிறைய தடவை, பாட்டி. போன மாசம் நானே திருப்பினேன்."

"ஏன்?"

"ஒண்ணுமே இல்ல பாட்டி. காத்து இருந்துச்சு, லைட் இருந்துச்சு, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு மனசு சரியில்ல. கட்டைவிரலைக் காட்டினேன், திரும்பிட்டோம்."

நாம் வாட்ஸ்அப்பில் எதற்கெடுத்தாலும் கட்டைவிரலைத் தூக்குகிறோம். தண்ணீருக்குள் அதற்கு 'சூப்பர்' என்று பொருள் இல்லை. 'முடிந்தது, வெளியே போகலாம்' என்று பொருள். குழுவில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் அதைக் காட்டலாம். ஒருவர் காட்டினால் எல்லாரும் திரும்ப வேண்டும். தலைவர், புதியவர் என்ற பேதம் கிடையாது. ஏன் என்று அங்கே கேட்கக் கூடாது. இதெல்லாம் நீருக்குள் இறங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்வது.

"உன்கூட வந்தவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"ரெண்டு பேர் பாட்டி. அந்த டைவுக்காக ரெண்டு நாள் சிலிண்டர் தூக்கினவங்க. வெளிய வந்து, 'காபி குடிக்கலாமா'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்."

பின்னால் அவள் அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

அப்போது அவளுக்கு 2007இல் நடந்த கதையைச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்ததுதான். அப்பா அம்மாவுக்காகத்தான் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த வருஷம் அல்பெர்டோ நாவா, அலெஹாந்த்ரோ ஆல்வரெஸ், ஃபிராங்கோ அட்டோலினி என்ற மூன்று பேர், துலூம் ஊருக்குப் பக்கத்தில், நீருக்கடியில் ஒரு குகைப் பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். திடீரென்று கீழே தரை இல்லை. விளக்கை அடித்தால் எதிர்ச் சுவரும் தெரியவில்லை. வெளிச்சத்தை விழுங்குகிற மாதிரி இருட்டு. 'ஓயோ நெக்ரோ' என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் கருந்துளை. சுமார் 60 மீட்டர் அகலமான பெருங்குழி.

உலகத்தில் யாரும் முக்குளித்துப் பார்க்காத இடம். நாமாக இருந்தால் எட்டிப் பார்க்காமல் வருவோமா? அவர்கள் உடனே அடிக்குப் போய்விடவில்லை. அந்த ஆழத்துக்கு ஏற்ற ஏற்பாடுகளோடு இன்னொரு நாள் வந்துதான் அடிவரைக்கும் போனார்கள். அங்கே யானை இனத்தைச் சேர்ந்த, அழிந்துபோன பெரிய மிருகங்களின் எலும்புகள் கிடந்தன. அவற்றோடு ஒரு மனித மண்டையோடு, தலைகீழாக, பல்வரிசை கெடாமல்.

அதையும் அள்ளிக்கொண்டு வரவில்லை. மெக்சிகோவின் தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனத்துக்குச் சொன்னார்கள். பிலார் லூனா என்ற நீரடித் தொல்லியல் அறிஞரின் முயற்சியில் ஆராய்ச்சி தொடங்கியது. எலும்புகளை இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுத்தார்கள், அளந்தார்கள். 2014இல் ஜேம்ஸ் சாட்டர்ஸ் தலைமையிலான ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வந்தது. அது ஒரு பெண்பிள்ளை. 'நாயா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 12,000 முதல் 13,000 வருஷங்களுக்கு முன்பு வாழ்ந்தவள். அமெரிக்கக் கண்டங்களில் கிடைத்த மிகப் பழைய, ஓரளவு முழுமையான மனித எலும்புக்கூடுகளில் ஒன்று. பல்லிலிருந்து எடுத்த மரபணு, இன்றைய அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் இருக்கிற வம்சவழியோடு பொருந்தியது.

குகை வறண்டிருந்த காலத்தில், இருட்டில், அநேகமாகத் தண்ணீர் தேடி வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குழியில் விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. அதற்கு முன்பே ஒரு குழந்தை பெற்றவள் என்பதற்கான அடையாளமும் எலும்பில் இருக்கிறது.

வயது 15 அல்லது 16. நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பாவிடம் சொன்னேன்: "தம்பி, உன் பொண்ணு போற இடம் ஆபத்தான இடம்தான், இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா திரும்பி வர்றதுக்குப் பேசிவச்சுக்கிட்டு உள்ளே போற ஆளுங்களோட போறா. போகட்டும். அந்த விதி ஒரு நாள் மாறினா, 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே'ன்னு எவனாவது சொன்னா, அன்னிக்கே அவ அந்த டீமை விட்டு வந்துடணும். இதை மட்டும் கேட்டு வாங்கிக்க." அவள் கையை நீட்டிச் சத்தியம் பண்ணினாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாப்பிட்டாராம்.

போனாள். மூன்று வாரத்தில் இரண்டு முறை பாதியில் திரும்பினார்களாம். அளந்த தூரம் திட்டம் போட்டதில் பாதிக்கும் குறைவு. சந்தோஷமாக வந்து சேர்ந்தாள்.

இப்போது என் மாணவர்களாக இருந்து, பெற்றோர்களாகிவிட்ட உங்களுக்கு ஒன்று.

முத்துக்குளிக்கிறவர்கள் இடுப்புக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம் பக்கம் சொல்வார்கள். அக்கா தாலி அவன் கையில் இருக்கிறதே! கீழே கயிறு அசைந்தால் மச்சான் காரணம் கேட்க மாட்டான், உடனே இழுப்பான். நமக்குத் தெரியாத பாடம் இல்லை இது.

ஆனால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில், "எனக்கு இது முடியலப்பா" என்றான். அதுதான் அவன் காட்டிய கட்டைவிரல். "கட்டின பணம் என்ன ஆகும்? முடிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார்கள். பதினாலு அரியர், மூன்று வருஷம் வீட்டை விட்டு வெளியே வராத இருப்பு. இன்றைக்கு மொபைல் கடை வைத்து நன்றாகத்தான் இருக்கிறான். அப்பாவோடு பேச்சு மட்டும் இல்லை.

இன்னொரு வீடு. என்னிடம் படித்தவள்தான் அந்த அம்மா. கட்டிக்கொடுத்த பெண் ஒரு நாள் சாயங்காலம் பையோடு வந்து வாசலில் நின்றாள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "பஸ்ஸுல வந்தியா? கையக் கழுவிட்டு வா, சாப்பிடு." மூன்று நாள் வேறு எதுவும் கேட்கவில்லை. நாலாவது நாள் பெண்ணே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டபிறகுதான் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்திருக்கிறாள் என்று புரிந்ததாம்.

காரணம் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முக்குளிப்பவர்களும் வெளியே வந்தபிறகு உட்கார்ந்து பேசுகிறார்கள், எது சரியில்லை என்று அலசுகிறார்கள். உள்ளே இருக்கும்போது கேட்பதில்லை, அவ்வளவுதான். பிள்ளை திரும்பி வருகிறேன் என்றால் முதலில் வரட்டும். மூச்சு வாங்கட்டும். பிறகு கேளுங்கள்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்று ராத்திரி அந்த 210 கணக்கைப் போடச் சொல்லுங்கள். மூன்றாவது 70 யாருடையது என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன பதிலைக் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். பேரன் ஐபேடைக் கேட்கிறான், கொடுத்துவிட்டு நாளைக் காலை பதில் போடுகிறேன்.

எல்லாரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பூகோள டீச்சர்